இசபெல்லுக்கு வந்த சனம்

எங்கள் ஆட்களைப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். ஷிப்ட் இருக்கும், கடையில் ஆள் இருக்காது, கார் கராஜில் நிற்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் கோயிலில் அபிஷேகம் இருக்கும். நோர்பரியில் என் மகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் மூன்றில் ஒரு பங்கு தமிழ்ப் பிள்ளைகள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் தமிழ் முகம் என்று தேடினால் சிவமலர் என்கிற என் முகம் ஒன்றுதான் அகப்படும். அதுவும் நானாகப் போனதில்லை. போன வருடம் பெற்றோர் குழுவுக்கு ஆள் வேண்டும் என்றபோது எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள், நான் கொட்டாவி விட வாயைத் திறந்தேன், பெயரை எழுதிவிட்டார்கள்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புது மண்டபம் கட்டினார்கள். ஒக்டோபர் கறுப்பின வரலாற்று மாதம். அந்த மாதத்திலேயே மண்டபத்துக்கு ஒரு கறுப்பினப் பெரியவரின் பெயரை வைப்பது என்று முடிவாகி, யாருடைய பெயர் என்பதைப் பெற்றோர் குழுவின் தலையில் கட்டினார்கள். குழுவின் தலைவர் க்வாமே. கானாக்காரர், ரயில்வேயில் எஞ்சினியர், பள்ளிக்கூடத்தில் இரண்டு மகன்மார். தங்கமான மனுஷன், ஆனால் எதையும் ஸ்பேனர் போட்டு இறுக்காமல் விடமாட்டார். அவர் மூன்று பெயர்களோடு வந்தார்: நெல்சன் மண்டேலா, போர்க்களத் தாதி மேரி சீகோல், பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுக்காத ரோசா பார்க்ஸ்.

வீட்டுக்கு வந்து ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஜதுர்ஷிகாவிடம் சொன்னேன்.

"அம்மா, திரும்பவுமா?" என்றாள். "மேரி சீகோலின்ர படத்துக்கு வகுப்பில நான் நாலு தரம் கலர் அடிச்சிட்டன். கண்ணை மூடிக்கொண்டே அடிப்பன்."

அந்த மூவரோடும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த செய்தியை ரேடியோவில் கேட்டு என் அப்பா எழுந்து நின்றவர். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கறுப்பினப் பெரியவர் என்றால் எங்கேயோ, எப்போதோ இருந்த ஒரு படம் என்றாகிவிட்டது. அப்படி ஒருவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. அடுத்த கூட்டத்தில் நானாகக் கையைத் தூக்கினேன்.

"இசபெல் சார்ல்ஸ்," என்றேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்து முழித்தார்கள். க்வாமேயின் முகம் மட்டும் மலர்ந்தது. அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன். "ரேடியோ இசபெல்லோ? அவவின்ர புரோகிராம் முடியாமல் என்ர அம்மா எங்களுக்குக் காலமைச் சாப்பாடு தரமாட்டா!"

இசபெல்லைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தென் லண்டனுக்கு மட்டும் கேட்கும் ஒரு சின்ன வானொலி அப்போது இருந்தது. காலையில் இசபெல் இருப்பா. சனம் போன் எடுத்துக் குறை சொல்லும். குறைக்குப் பொறுப்பான அதிகாரியை அவ லைனில் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பா. டொமினிக்கா தீவிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவ. அவவுக்குப் பயந்து கவுன்சில்காரர் காலையில் போனை எடுக்கமாட்டார்கள் என்று பேச்சு.

தொண்ணூற்றெட்டில் நான் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பாடப்புத்தக ஆங்கிலம். ஸ்ட்ரெதமில் ஒற்றை அறை, சுவர் முழுக்கப் பூஞ்சணம். கவுன்சிலுக்குப் போன் எடுத்தால், நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் 'நீங்கள் சொல்வது விளங்கவில்லை' என்று வைத்துவிடுவார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில் இசபெல்லுக்குப் போன் அடித்தேன். அதிகாரி லைனில் வந்து அதே பாட்டைப் பாடினான், விளங்கவில்லையாம்.

"அவ சொல்லுறது எனக்கு விளங்குது," என்றா இசபெல். "கேட்டுக்கொண்டிருக்கிற தென் லண்டன் முழுக்க விளங்குது. உங்களுக்கு மட்டும் ஏன் விளங்கேல்லை? நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறம், அவவுக்குப் பதில் சொல்லுங்கோ."

அடுத்த கிழமை ஆள் வந்து சுவரைச் சுரண்டினான். அன்று தொடக்கம் அந்த நிகழ்ச்சி நிற்கும்வரை என் காலைகள் இசபெல்லோடுதான். ஆங்கிலம் பேசப் படித்ததும் அவவிடம்தான். அதனால் என் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணமும் டொமினிக்காவும் சரிபாதி. என் கணவர் இராஜேந்திரன், "நீர் இங்கிலிஷில கோவிக்கேக்கை மீன் சந்தையில நிக்கிற கரீபியன் மனுசி மாதிரிக் கிடக்கு," என்று நக்கலடிப்பார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பல் கிளினிக்கில் எனக்கு ரிசப்ஷன் வேலை. நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, "குட் மோர்னிங், டார்லிங்," என்றா. முகம் தெரியாது, ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். அன்றிலிருந்து பழக்கம். இப்போது எண்பத்திரண்டு வயது, நோர்பரியில் தனி வீடு. அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது. மாத முடிவில் லீட்ஸில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறா.

"நல்ல தெரிவு, சிஸ்டர்," என்றார் க்வாமே. "ஆனா அவ உயிரோட எல்லோ இருக்கிறா?"

"அது குற்றமோ?"

"உயிரோட இருக்கிறவையின்ர பெயரை வைக்கிறேல்லை எண்டு ரூல். வேறொரு பள்ளிக்கூடத்தில ஒரு பாட்டுக்காரன்ர பெயரை வைச்சுப் பெரிய விழா எடுத்தவை. அடுத்த வருஷம் அவன் வேற மாதிரிப் பேப்பரில வந்திட்டான். ஏணி வைச்சு எழுத்துகளைக் கழட்டினவை. செத்த ஆக்கள் எண்டால் எங்களை வெட்கப்படுத்த மாட்டினம். அதோட, என்ர பெடியளுக்கு நான் ஆகப் பெரிய ஆளைக் காட்ட விரும்புறன். அதில என்ன பிழை?"

பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆனால் அந்தச் செத்த ஆள் கணக்கைக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் ஆட்களுக்கும் இதே வியாதிதான். இருக்கும்போது ஒருவரைப் பற்றி ஒரு நல்ல சொல் வாயில் வராது. செத்து முப்பத்தோராம் நாள் வழுவழுத்தாளில் கலர் புத்தகம் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் புகழ்ந்து தள்ளுவோம்.

"க்வாமே, எண்பத்திரண்டு வயசில அவ இனி என்ன ஊழல் செய்யப் போறா? பிங்கோவில கள்ள விளையாட்டு விளையாடுவாவோ? மண்டேலா பெரிய ஆள்தான். அவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்லை. இவ மாத முடிவில போறா. காது கேக்கேக்கை சொல்லவேணும்."

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் புது மண்டபத்தில் பெற்றோர் எல்லாருக்கும் கூட்டம். வந்தவர்கள் கை தூக்கட்டும். பெரும்பான்மை இசபெல் என்றால் ரூலைப் பற்றி யோசிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் அதை முன்மொழிந்தவர் படமும் எழுத்தும் போட்ட ஒரு பெரிய பனர் கொண்டுவர வேண்டும். பெற்றோர் பேசும் மொழிகளில் இருந்தால் நல்லது.

இசபெல்லிடம் போய்ச் சொன்னேன். பெரிதாகச் சிரித்தா. "ஆர் டார்லிங் வரப்போகினம்? என்னைத் தெரிஞ்சவை ஒண்டில் செத்துப் போச்சினம், இல்லாட்டி பர்மிங்காமுக்குப் போயிட்டினம். ரெண்டும் ஒண்டுதான்." சொன்னாவே ஒழிய, கோட் எடுக்க அறைக்குள் போன எனக்குக் கட்டிலில் மூன்று சட்டைகள் விரித்துக் கிடந்தது தெரிந்தது. பச்சைச் சட்டைக்குப் பொருத்தமான தொப்பிகூடப் பக்கத்தில் இருந்தது. வழக்கம்போல ஒரு பிடி சனம் வந்து, எல்லாரும் மண்டேலாவுக்குக் கை தூக்கி, இந்த மனுசி பச்சைத் தொப்பியோடு தனியாக வீட்டுக்குத் திரும்பி, அப்படியே லீட்ஸுக்குப் போய்விட்டால்? அவவைக் கூப்பிட்டு அவமானப்படுத்தியது நானாகத்தானே இருப்பேன்?

உடனே தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மன்றாடினேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார். ஒருவர் வடகம் விற்பனைக்கு உண்டு என்று படம் போட்டார்.

சரி, பனராவது வடிவாக இருக்கட்டும் என்று கோலியர்ஸ் வுட்டில் அச்சகம் வைத்திருக்கும் நிஷாந்தனைப் பிடித்தேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, நினைவு மலர் எல்லாம் அவன் கையால்தான். எனக்கு அந்தக் கிழமை பொல்லாத தடிமன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "தம்பி, இசபெல் சார்ல்ஸ் எண்டு ஒரு அம்மா. படம் அனுப்பியிருக்கிறன். பிறந்தது டொமினிக்கா, ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்து மூண்டு. இருக்கிற இடம் நோர்பரி. சனத்துக்குக் கனக்கச் செய்தவ. வெள்ளிக்கிழமை ரெண்டு மணி, பள்ளிக்கூடப் புது மண்டபம். அவவுக்கு இனி இன்னொருக்கா நாங்கள் செய்யப் போறேல்லை, நல்ல வடிவாச் செய்து, காலமை நேர பள்ளிக்கூடத்தில குடுத்துவிடு." அவன், "கவலைப்படாதேங்கோ அக்கா, எல்லாம் நான் பாக்கிறன்," என்று பதில் போட்டான். பையன் என்ன அன்பாகப் பேசுகிறான் என்று நினைத்தேன். பிறகு ஒரு மாதிரிப் படமும் அனுப்பினான். கிளினிக்கில் சனம் நெரிந்த நேரம். திறந்து பார்க்காமலே கட்டைவிரலைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிவரை வேலை. வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள்தான் இருக்க வேண்டும். எடுத்தபோது சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. போனால் போகட்டும் என்று பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன்.

வாசலில் கார் விட இடமில்லை. கேட்டுக்குள் தமிழ்ச் சனம் நிறைந்து நின்றது. எனக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பேசாமல் இருந்துவிட்டு இப்படி வந்து நிற்கிறார்களே என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஆண்கள் எல்லாரும் கறுப்புக் கோட். பெண்கள் பாதிப் பேர் வெள்ளைச் சேலை.

என் பக்கத்து வீட்டுக் கலாவதி அக்கா கையில் பெரிய பிளாஸ்க்கோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "மலர், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! போனும் எடுக்கேல்லை. உம்மை நினைச்சுத்தான் கோப்பி ஊத்திக்கொண்டு வந்தனான். அந்தரப்படாதையும், நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

"என்னக்கா நடந்தது? ஆர் செத்தது?"

கலாவதி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தா. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கிறா. "உம்மட இசபெல் அம்மா எல்லோ," என்றா மெதுவாக.

நான் மண்டபத்துக்குள் ஓடினேன். மேடையின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் இசபெல் சிரித்துக்கொண்டிருந்தா. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே தாமரை. மேலே வெள்ளைப் புறா. இடது பக்கம் 'மலர்வு', வலது பக்கம் 'உதிர்வு'. உதிர்வுக்கு நேரே அன்றைய திகதியும் பிற்பகல் இரண்டு மணியும். கீழே எழுத்து: 'டொமினிக்காவைப் பிறப்பிடமாகவும் லண்டன் நோர்பரியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இசபெல் சார்ல்ஸ் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: சிவமலர்.' நல்லது, என் போன் இலக்கத்தையும் விடாமல் போட்டிருந்தான்.

நிஷாந்தன் மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "குறூப்புகளுக்கெல்லாம் நானே அனுப்பிப் போட்டன் அக்கா. அதுக்குக் காசு வேண்டாம்."

"டேய்! அவ உயிரோட இருக்கிறாடா!"

நிஷாந்தன் பனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்கள் அழுதழுது எல்லோ கதைச்சனீங்கள்?"

"தடிமனடா!"

அதற்குள் க்வாமே வந்துவிட்டார். "சிஸ்டர், என்ன மாயம் செய்தீங்கள்? கதிரை காணாது!" என்று தொடங்கியவர், மேடையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எனக்கு உங்கட எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா படத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு திகதி. பூ. புறா. கானாவில நாங்களும் இப்பிடித்தான் சுவர் சுவரா ஒட்டுறனாங்கள். அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்."

"ஓம், அதுதான்," என்றேன்.

"ஐயோ," என்றார் க்வாமே. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. நானும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனரைக் கழற்ற ஏணி தேடினோம். ஏணி வைத்த அறையைப் பூட்டித் திறப்போடு காவலாளி சாப்பிடப் போய்விட்டான்.

சனத்துக்குச் சொல்லுவோம் என்று திரும்பினால், மைக்கில் பத்மநாதன் மாஸ்டர் நின்றார். ஊரில் கணித ஆசிரியர், இங்கே பெற்றோல் நிலையத்தில் இருபது வருடம். இப்போது எங்கள் பகுதியில் யார் செத்தாலும் இரங்கலுரை அவருடையதுதான். பேரப்பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்தது கிடையாது. கடதாசியை விரித்து, கண்ணாடியைத் துடைத்து, "அன்பார்ந்த துயருறு மக்களே," என்று தொடங்கினார்.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கைத்தடி. இசபெல் வந்து நின்றா.

படத்தைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். கலாவதி அக்கா, "முருகா!" என்று கத்தினா, பிளாஸ்க் மூடி உருண்டு போனது. மாஸ்டரின் கடதாசி கையிலிருந்து நழுவியது. இசபெல்லுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிறைந்த மண்டபத்தைப் பார்த்தபடி, நடுப்பாதையால் ஒவ்வொரு அடியாக வந்தா. எல்லாரும் எழுந்து நின்றார்கள். செத்தவர் வரும்போது இருந்துகொண்டிருப்பது மரியாதையில்லையே.

மேடைக்குக் கிட்ட வந்து படத்தை அண்ணாந்து பார்த்தா. "எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறீங்கள்," என்றா. "விளக்கெல்லாம் போட்டு! என்ன எழுதிக் கிடக்கு, டார்லிங்? வாசி பாப்பம்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு லீவு எடுக்கப் பொய், கடிதம் வரவில்லை என்று பொய். ஆனால் விளங்கவில்லை என்று சொன்னவனை லைனில் பிடித்து வைத்து எனக்காகப் பதில் கேட்ட மனுசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை.

"நீங்கள் செத்துப் போனீங்கள் எண்டு எழுதிக் கிடக்கு. இண்டைக்கு. ரெண்டு மணிக்கு."

இசபெல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. "அப்ப நான் அஞ்சு நிமிஷம் பிந்திப் போனன்," என்றா.

பிறகு சிரித்தா பாருங்கள். தென் லண்டனைக் காலையில் எழுப்பிய அந்தச் சிரிப்பு, கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டி. முதலில் க்வாமே வெடித்தார், பிறகு நான், பிறகு மண்டபம் முழுக்க. கறுப்புக் கோட்டுகள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நிஷாந்தன் ஓடிவந்து அவவின் காலடியில் குந்தி மன்னிப்புக் கேட்டான். தமிழில் கேட்டான், அவவுக்கு விளங்கியது.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் சங்கடத்தோடு நின்றார். "பிள்ளை, இவவிட்டைக் கேளும். நான் எழுதிக்கொண்டு வந்ததை இப்ப என்ன செய்யிறது?"

கேட்டேன். இசபெல் முன்வரிசைக் கதிரையில் வசதியாகச் சாய்ந்தா. "வாசிக்கச் சொல்லு. தன்ர செத்த வீட்டுப் பேச்சைக் கேக்க எல்லாருக்கும் குடுத்து வைக்காது. நீ பக்கத்தில இருந்து எனக்குச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

மாஸ்டர் கடதாசியை எடுத்தார், பார்த்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஒக்டோபர் முடிவு. சண்டையில யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த கிழமை," என்றார். "ஊரில இருந்த என்ர அம்மா எங்கையெண்டு எனக்குத் தெரியாது. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு, இந்த ரேடியோவுக்குப் போன் எடுத்தனான். பஸ் ஒழுங்கா வாறேல்லை எண்டு முறைப்பாடு சொல்லத்தான் எடுத்தனான். இந்த அம்மா கேட்டவ, 'பஸ் கிடக்கட்டும், உங்கட குரலுக்கு என்ன நடந்தது?' எண்டு. இந்த ஊருக்கு வந்து அதுவரைக்கும் ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை. நான் அழுது அழுது எல்லாத்தையும் சொன்னனான். லண்டன் கேட்டது."

நான் இசபெல்லின் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், அவவிடம் படித்த ஆங்கிலத்தில். என் குரல் இரண்டு தரம் உடைந்தது. முழங்கையால் இடித்து, "நிப்பாட்டாதை," என்றா.

மாஸ்டர் முடித்ததும் இசபெல் இருந்த இடத்திலிருந்தே கேட்டா, "எனக்கு ஞாபகம் இருக்கு. அண்டைக்கு ட்ரபிக் நியூஸையே விட்டிட்டன், மனேஜர் ஏசினவர். அம்மா கிடைச்சவவோ?"

"கிடைச்சவ," என்றார் மாஸ்டர், இப்போது ஆங்கிலத்தில். "எண்பத்தெட்டு வயசு மட்டும் இருந்து எங்களையெல்லாம் ஏசிப்போட்டுத்தான் போனவ."

அதற்குப் பிறகு மைக் மாஸ்டரிடம் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாய் திறக்காத எங்கள் சனம் வரிசையில் நின்றது. ஜமெய்க்காப் பெற்றோர் எழுந்தார்கள், போலந்துக்காரி ஒருத்தி எழுந்தா. ஒவ்வொருவரிடமும் பூஞ்சணம் பிடித்த ஒரு சுவரோ, வராத பஸ்ஸோ, இடம் கிடைக்காத பள்ளிக்கூடமோ இருந்தது. க்வாமே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இசபெல்லைத் தெரியாமல், செத்த வீடென்று மட்டும் வந்தவர்களும் இப்போது தெரிந்துகொண்டார்கள். நான் சொல்ல நினைத்து எழுதி வந்த பேச்சு என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

கை தூக்கச் சொன்னபோது எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. க்வாமேயும் தூக்கினார், பிறகு தலைவர் என்ற ஞாபகம் வந்து இறக்கினார். "ஆனால் அந்த ரூல்..." என்று தலையைச் சொறிந்தார். "உயிரோட இருக்கிறவை எண்டால்..."

"க்வாமே, டார்லிங்," என்றா இசபெல், கைத்தடியால் பனரைக் காட்டி. "இந்த நோட்டீஸ்படி எனக்குத் தகுதி இருக்குத்தானே?"

க்வாமே இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

பிறகு கலாவதி அக்காவின் துக்கக் கோப்பி எல்லாருக்கும் ஓடியது. யாரோ கொண்டுவந்த மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல், மண்டேலாவின் படத்துக்குக் கீழே மரியாதையாகச் சாய்த்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தும் ஒருவரும் கலையவில்லை. இசபெல் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா.

"மகளிட்டைச் சொல்லி வைச்சனான்," என்றா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "நான் செத்துப் போனால் சேர்ச் ஒண்டும் எடுக்க வேண்டாம், சின்ன அறை போதும், கதிரை கனக்கப் போடாதை எண்டு. வெறும் கதிரையளைப் பாத்து பாதர் பேசினால் எனக்கு வெட்கம். இரவில நித்திரை வராமல் ஆர் ஆர் வருவினம் எண்டு எண்ணிப் பாப்பன். ஒரு கை விரலுக்குள்ள முடிஞ்சிடும்." மண்டபத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தா. கண் நிறைந்திருந்தது. "இண்டைக்கு லீட்ஸுக்குப் போன் எடுக்கவேணும். பெரிய இடமாப் பாக்கச் சொல்ல."

நான் மூக்கை உறிஞ்சினேன். இந்த முறை தடிமன் இல்லை.

"எங்கட ஆக்கள் கலியாணத்துக்குப் பிந்துவினம், பிறந்தநாளுக்குப் பிந்துவினம், இதுக்கு மட்டும் பிந்த மாட்டினம்," என்றேன். "லீட்ஸ் என்ன, எங்கை எண்டாலும் கோச் பிடிச்சு நேரத்துக்கு வந்து நிப்பம். நீங்கள் மட்டும் கனக்கக் கனக்கப் பிந்தி வாங்கோ."